ஆளில்லாக் கட்சியின் பிரதிநிதி

1

இந்தக் கதை எனக்கு என் மச்சானிடமிருந்து வந்தது. அவர் கூட்டங்களுக்கு மைக் கட்டுபவர். கூட்டணிக் கட்சிகள் கூடிய ஒரு மண்டபத்தில், மேடையின் கடைசி நாற்காலிக்கான மைக்கை மட்டும் அவர் சோதித்துப் பார்க்கவில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"அவர் பேச மாட்டாரு. அவர் கட்சியில ஆளே இல்ல. ஆனா கட்சி இருக்கு."

சொல்லிவிட்டு மச்சான் சாப்பிட உட்கார்ந்தார். நான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பல இனங்கள் சேர்ந்து வாழும் ஒரு கூட்டாட்சி நாட்டில்..." பாடப்புத்தகம் போலிருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்தது: "அந்தக் காலையில் அவருக்குத் தெரியாது, தான்" — இதுவும் வேண்டாம். என்ன தெரியாது என்று எனக்கே தெரியவில்லை.

இருப்பதிலேயே நேரானது இதுதான். ஒரு லிஃப்ட் மெக்கானிக், கூட்டணி அலுவலகத்தில் பாதியில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்யப் போனார். மேல்மாடியில் கூட்டம். அந்த நாட்டுச் சட்டப்படி, மத்தியில் ஆள விரும்பும் கூட்டணியில் ஒவ்வோர் இனத்தின் கட்சியும் இருந்தாக வேண்டும். மலை மக்களின் கட்சிக்குப் பெயர் இருந்தது, கொடி இருந்தது. அதன் கடைசித் தலைவர் இறந்துபோனதை யாரும் வெளியே சொல்லவில்லை. கூட்டணியின் ஒருங்கிணைப்பாளர், கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு போட்டோவுக்கு மட்டும் அந்தக் கட்சியின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

(மறுத்திருக்கலாமே என்பீர்கள். அதற்குள் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அடுத்தவர் கொடுத்த சட்டையைப் போட்டபின் மறுப்பது லேசான காரியமில்லை.)

அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். போனார்.

3

இந்த மனிதர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் மலை இனத்தவர் இல்லை. அந்த மொழியும் தெரியாது. எனக்கும் தெரியாது. அறியாத மக்களின் பெயரில் ஒருவரை நாற்காலியில் உட்காரவைக்கிற விஷயத்தில் ஒருங்கிணைப்பாளருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் போட்டோ எடுக்கிறார், நான் (இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

போட்டோ பத்திரிகையில் வந்த பிறகு, அவர் குடியிருந்த மாடிக்குப் போகும் படிகளில் மலை மக்கள் நிற்கத் தொடங்கினார்கள். பகலில்தான். படிக்கு ஒருவராக. மனு இல்லை, கோஷம் இல்லை. கதவு திறந்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், எளிதில் அசராதவள். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். டம்ளர்களில் தண்ணீர் குறையவில்லை.*

* அவர்கள் பேய்களா என்று கேட்காதீர்கள். வாக்காளர்கள்.

தலைவர் ஆனது நீங்கள், படியைப் பெருக்க இடம் தேடி அலைவது நானா என்று முதலில் அவரைக் கேலி செய்தாள். பிறகு கேலி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கி எழுந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கத்துல பேசினீங்க. அவங்க பாஷையில."

"ஏதாவது உளறியிருப்பேன்."

"இல்லைங்க. எனக்குப் புரிஞ்சுது. அதான் பயமா இருக்கு."

என்ன பேசினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவைத்து எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டாள்.

4

மலை மாகாணத்தைப் பக்கத்து மாகாணத்தோடு இணைப்பதென்று முடிவாகியிருந்தது. கடைசிக் கூட்டத்தில் ஒரு கட்சி மறுத்தாலும் நடக்காது. இணைந்துவிட்டால் அந்த மக்களுக்குத் தனி மாகாணம் இல்லை, அவர்கள் மொழியில் பள்ளிக்கூடம் இல்லை. கட்சியும் தேவையில்லை.

அந்தக் கூட்டத்தன்று காலை படிகள் காலியாக இருந்தன. அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். சுவரோரமாக, நெருக்கி உட்கார்ந்து. அவர்களுக்கு நடுவில் அவர் மனைவி. அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது அவளும் அதேபோல் நிமிர்ந்து பார்த்தாள், யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல.

மண்டபத்தில் ஒருங்கிணைப்பாளர் அவர் தோளைத் தட்டினார்.

"இன்னையோட உங்களுக்கு விடுதலைங்க. நாளையிலேர்ந்து நீங்க உங்க லிஃப்டைப் பாருங்க, நாங்க நாட்டைப் பார்க்கறோம்."

"மறுக்கணும்னா?"

"தாராளமா. விதி இருக்கே. அவங்கவங்க மொழியில, வாய்விட்டுச் சொல்லணும். சும்மா இருந்தா சம்மதம்னு எழுதிக்குவோம்."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

5

ஒரு முடிவு: அவர் பேசாமல் இருக்கிறார். வீடு திரும்புகிறார். வீட்டில் யாரும் இல்லை, மனைவியைத் தவிர. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்கிறாள், திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை.

இதை எழுதி அடித்துவிட்டேன். அடித்த பிறகும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னொரு முடிவு: அவர் மறுக்கிறார். இதற்கு அந்த மொழியில் ஒரே ஒரு சொல் வேண்டும். என்னால் ஒன்றை உண்டாக்கி அவர் வாயில் வைக்க முடியும், வாசகர் எவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே, என்னால் முடிந்தவரை எழுதியிருக்கிறேன்: அவர் எழுந்து நிற்கிறார். மற்ற கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் வாய் திறந்திருக்கிறது.

கீழே அவருக்காக ஓர் இடம் விட்டிருக்கிறேன். அந்தச் சொல் உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் படித்தால் கணக்கில் வராது.

"                                        "

ஒருங்கிணைப்பாளர் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார்.