முதல் நான்கு நொடி

எங்கள் பாட்டின் நீளம் மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடி. என் கைப்பேசியில் அப்படித்தான் இருந்தது, மெர்சியின் கைப்பேசியிலும் அப்படித்தான். ஆனால் திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போன ஷேர் ஆட்டோவில் அதே பாட்டு ஓடியபோது, பிளேயரின் சின்னத் திரை மூன்று நிமிடம் முப்பத்தேழு என்று காட்டியது. முன்பக்கம் நான்கு நொடி இல்லை.

வெளியே யாருக்கும் தராத பாட்டு ஆட்டோவுக்கு எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. திருடியவன் ஏன் நான்கு நொடியை வெட்டினான் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் என்னை அதிகம் குடைந்தது. அந்த நான்கு நொடியில் இசையே கிடையாது. "நான் மெர்சி. ஆம்பூர்லருந்து பாட்றேன்" என்ற அவள் குரல் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் தபேலா.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மெர்சி மூன்றாவது லைனில் ஷூவின் மேல்தோலைத் தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுவாள். மெட்டும் தபேலாவும் என்னுடையவை. என் வீட்டு அறையில் பதிவு செய்தோம். ஷூவுக்குள் வைக்கும் ஃபோமில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தேன். ஃபோமில் இருக்கும் ஊசித் துளைகளுக்குள் போன ஒலி அங்கேயே அலைந்து ஓய்ந்துவிடும், திரும்பி வந்து குரலோடு மோதாது. அதனால்தான் அவள் குரல் அவ்வளவு சுத்தமாக விழுந்தது.

சென்னையில் ஓர் இசை நிறுவனம் அந்தப் பாட்டை மெர்சியின் பெயரில் வெளியிட ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை, பாட்டு அதற்கு முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். திங்கட்கிழமை அது ஆட்டோவில் ஓடியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெர்சியிடம் போனேன்.

"பாட்ட யாருக்காவது அனுப்புனியா?"

"இல்லண்ணா. எங்கம்மாவுக்கே ஹெட்போன்ல தான் போட்டுக் காட்னேன்."

"ரெண்டே போன்ல தான் இருக்குது. என்கிட்டருந்து போகல."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"அப்போ நான்தான்னு சொல்றீங்க."

"சொல்லல. கேக்குறேன்."

"என் பேர நானே வெட்டிட்டு அனுப்புவேனா? அதையாவது யோசிச்சீங்களா?"

சாயங்காலம் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பாட்டு ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, எடுத்துக்கொள்ள இயலாது, வருந்துகிறோம். மறுநாள் மெர்சியின் மெஷினில் ஊசி உடைந்தபோது, பக்கத்தில் நின்ற என்னைக் கூப்பிடாமல், நான்காவது லைன் மெக்கானிக்கைக் கைகாட்டி அழைத்தாள்.

தையல் மெஷினில் தையல் விட்டுப்போனால் நான் முதலில் பார்ப்பது இடைவெளியைத்தான். ஒழுங்கில்லாமல் விட்டிருந்தால் கைத் தவறு. ஒரே அளவு தள்ளித் தள்ளி விட்டிருந்தால் கை அல்ல, உள்ளே ஏதோ சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கிறது. புதன்கிழமை காலை ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது இது ஞாபகம் வந்தது. டிரைவரைக் கெஞ்சி, பென்டிரைவில் இருந்த மற்றப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொடக்கம் மட்டும் போட்டுக் கேட்டேன்.

"இன்னா சார், ஒரு பாட்டக்கூட முழுசா கேக்க வுட மாட்டீங்களா?" என்று பின்னால் ஓர் அம்மா அலுத்துக்கொண்டார்.

புதுப் பாட்டுகள் எல்லாமே பாதியில் நுழைவது போலத் தொடங்கின. கைப்பேசியில் அசல் பாட்டின் நீளத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொன்றிலும் முன்பக்கம் நான்கு நொடி இல்லை. எங்கள் பாட்டை யாரும் தேடிப்பிடித்து வெட்டவில்லை. ஒரு மெஷின் எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டுகிறது.

அந்த மெஷினை எனக்குத் தெரியும்.

பத்து வருடத்துக்கு முன் நானும் தானிஷும் பஜாரில் மொபைல் கடை வைத்திருந்தோம். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவதுதான் பெரிய வியாபாரம். அவன் ஆள் பிடிப்பான், நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன். நான் கம்பெனிக்கு வந்த பிறகு கடை அவனுடையதாகிவிட்டது, நட்பு அப்படியே இருந்தது. சாயங்காலம் நேராக அங்கே போனேன். அதே கம்ப்யூட்டர் அதே மூலையில் இருந்தது.

"வா பரிதி! இன்னாபா, மூஞ்சே சரியில்ல?"

"எங்க பாட்ட நீதான் ஏத்துனியா?"

தானிஷ் சிரித்தான். "ஆமா. சூப்பரா இருந்துச்சிப்பா. நாப்பது ஆட்டோல ஓடுது, குரூப்லயும் போட்டுட்டேன். ஊரே கேக்குது. சந்தோஷப்படுவேன்னு பாத்தா..."

"என் பாட்டுன்னு தெரிஞ்சுதான் போட்டியா?"

"உன் தபேலா எனக்குத் தெரியாதா? ரெண்டாவது தட்டுலயே தெரிஞ்சிடுச்சி."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லிருப்ப."

இதை அவன் மறைக்கக்கூட முயலவில்லை. தெரியாமல் செய்திருந்தால் அங்கேயே மன்னித்திருப்பேன்.

"அந்தப் பொண்ணுக்கு இருந்த ஒரே சான்ஸ் போச்சு, தானிஷ்."

சிரிப்பு நின்றது. கீபோர்டைத் தள்ளி வைத்தான். "அது எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. நாம இந்த மூலைல ஒக்காந்து ஏத்துன பாட்டுக்கெல்லாம் பாடுன ஆளு கெடையாதா? அப்போ யாரக் கேட்டோம்? உனக்கு வந்தா மட்டும் பேஜாரா?"

"நவுரு" என்றேன்.

அவன் எழுந்து இடம் விட்டான். கடை நாட்களில் நான் எழுதிய நிரல் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த இடம் கைக்கு இன்னும் நினைவிருந்தது. அழித்தேன். தானிஷ் தடுக்கவில்லை. "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டான். இறங்கி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஷிப்ட் மணி அடிப்பதற்கு முன்பே மூன்றாவது லைனில் போய் நின்றேன். மெர்சி நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மெர்சி, நீ அனுப்பல. உன்ன அப்படிக் கேட்டது என் தப்பு."

"யாரு அனுப்புனாங்க?" ஊசியைப் பார்த்தபடியே கேட்டாள்.

எதுவும் விடாமல் வரிசையாகச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழம நம்ம படிவத்த பிரின்ட் எடுக்க தானிஷ் கடைக்குப் பென்டிரைவ் எடுத்துட்டுப் போனேன். அதுலயே பாட்டும் இருந்துச்சி, நான் மறந்துட்டேன். அவன் கம்ப்யூட்டர்ல எத செருகுனாலும், அதுல புதுசா இருக்கற பாட்ட யாரையும் கேக்காம எடுத்துக்கும். கஸ்டமருங்க கார்டுலருந்து நாங்க அப்படித்தான் பாட்டு சேத்தோம். டவுன்லோட் பண்ற பாட்டுல மொதல்ல ஒரு குரல் வெப்சைட் பேரு சொல்லும்ல, அது வராம இருக்கறதுக்கு முன்னாடி நாலு நொடிய வெட்டிடும். உன் பேரு போனது அதுல தான். தானிஷ் அத என் பாட்டுன்னு தெரிஞ்சே ஆட்டோக்காரங்களுக்கு ஏத்துனான். பாட்ட எடுத்து, பேர வெட்டுன அந்தப் புரோகிராம எழுதுனது நான்."