துரைசானியின் பின் சக்கரம்

கிளம்புகிற நேரத்தில் தம்பிக்காரன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, பின் சக்கரம் ரெண்டையும் ஒரு தடவை நான் பாத்துடட்டுமா?"

அக்காக்காரி செப்புச் சுத்தியலைத் துணியால் துடைத்துக்கொண்டே அவனை ஒரு பார்வை பார்த்தாள். பேர்போன பல் டாக்டர் அவள். அந்தப் பார்வைக்கே பாதி நோயாளிகள் தாமாக வாயைத் திறந்துவிடுவார்கள்.

"ஏண்டா, நான் பல்லு புடுங்கினா, சரியான பல்லுதானான்னு பின்னாடி வந்து எண்ணிப் பாப்பியா?"

"எங்க வேலையில அப்படித்தான்க்கா. ஒருத்தன் மாட்டினதை இன்னொருத்தன் பாக்காம லிஃப்டை ஓட விடமாட்டோம்." அவன் லிஃப்ட் பரிசோதகன்.

"இது லிஃப்ட் இல்ல. ஏறி உக்காரு."

அவன் ஏறி உட்கார்ந்தான். மேலே பேசி என்ன ஆகப்போகிறது? அக்கா வாயிலிருந்து 'என் தப்பு' என்ற சொல் வந்ததாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. சாப்பாட்டில் உப்பு கூடினால் அது உப்பின் குற்றம். வழி தவறினால் சாலையின் குற்றம். கார் கிளம்பவில்லை என்றால் தம்பியின் குற்றம்.

காரும் சாதாரணக் கார் இல்லை. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், கரும்பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை. துருப்பிடித்துக் கிடந்ததை அக்காளும் தம்பியும் பாதிப்பாதி போட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உயிர் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அதற்குப் பெயர் துரைசானி. எண்ணெய் ஒழுகினால் துரைசானிக்கு ஜலதோஷம், கிளம்பாவிட்டால் துரைசானிக்குக் கோபம். "எனக்குக் காய்ச்சல் வந்தா இந்த வீட்ல யாரும் இப்படிப் பதறினதில்ல" என்பார் டாக்டரின் வீட்டுக்காரர்.

தம்பி வெளியூர் வேலைக்குப் போயிருந்த சமயத்தில் பின் அச்சு முழுவதையும் அவள் தனியாகவே பிரித்து மாட்டியிருந்தாள். இன்று பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து மலைமேல் போகிறார்கள். அவளுக்கும் போக ஆசைதான். மகள் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சியதால் இருக்கையை விட்டுக்கொடுத்திருந்தாள். சக்கர நட்டை அடித்து இறுக்குகிற சுத்தியலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தம்பி அடித்தால் பளபளக்கும் நட்டில் கீறல் விழும் என்று பயம். கடைசியாக ஒரு முறை நான்கு சக்கரத்துக்கும் தானே சுற்றி வந்து அடித்தாள். வீட்டுக்காரர் அதை ஃபோனில் படம் எடுத்தார். துரைசானி உறுமிக்கொண்டு கிளம்பினாள். மகள் திரும்பித் திரும்பிக் கையாட்டினாள்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் அந்தப் படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டாக்டரம்மா, உன் அடி இருக்கே, அடியே தனி! முன் சக்கரத்துக்கு ஒரு திசை, பின் சக்கரத்துக்கு ஒரு திசை. இது என்ன ஸ்டைலு?"

"என்ன உளர்றீங்க?"

"நீயே பாரு. முன்னாடி அடிக்கறப்ப சுத்தியல் பின்பக்கமா போகுது. பின் சக்கரத்துல முன்பக்கமா வருது."

அவள் ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

அந்த மாதிரிக் கார்களில் சக்கரத்துக்கு நாலைந்து போல்ட்டுகள் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு இரண்டு காதுகள். மேல் காதில் சுத்தியலால் வண்டியின் பின்பக்கம் பார்த்து அடித்தால் இறுகும், முன்பக்கம் பார்த்து அடித்தால் கழலும். இடது பக்கமானாலும் வலது பக்கமானாலும் அதுதான் சட்டம். அதற்காகவே சக்கரத்தைத் தாங்கி நட்டு ஏறுகிற ஹப்பில் இடப்பக்கத்துக்கு ஒரு திருகுப்புரி, வலப்பக்கத்துக்கு நேர் எதிர்ப்புரி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால்தான் வண்டி முன்னால் ஓட ஓட நட்டு தானாக இறுகிக்கொண்டே போகும்.

அவள் பின் ஹப் இரண்டையும் கழுவி, துடைத்து, மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இடையில் ஒரு நோயாளி ஃபோனில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பேசி முடித்து வந்து மாட்டினாள். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டாள். நட்டு எந்தத் திசையில் ஏறியதோ அந்தத் திசையிலேயே கையும் போய்விட்டது. இது எந்தப் பக்கத்து நட்டு, எந்தத் திசையில் கழலும் என்று நட்டின் மேலேயே பொறித்திருக்கும். அந்த எழுத்து சொட்டையும் சொள்ளையுமாக அசிங்கமாக இருக்கிறதென்று, பல்லுக்கு மெருகேற்றும் மெஷினாலேயே தேய்த்துத் தேய்த்து வழித்தெடுத்தவளும் அவள்தான்.

இப்போது துரைசானி ஓட ஓடப் பின் சக்கரம் இரண்டும் கழன்றுகொண்டே போகும்.

"ஏங்க," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "வண்டியை எடுங்க."

தெருமுனை திரும்புவதற்குள் ஃபோன் போட்டாள். மகள்தான் எடுத்தாள். காற்றும் எஞ்சினும் சேர்ந்து இரைந்தன.

"அம்மா, செமையா இருக்கும்மா! மலை ஏற ஆரம்பிச்சுட்டோம்!"

"ஸ்பீக்கர்ல போடுடி. டேய், வண்டியை ஓரங்கட்டு."

"ஆரம்பிச்சாச்சா?" என்று தம்பி சிரித்தான். "இன்னும் கூப்பிடலையேன்னுதான் நானும் பாத்துக்கிட்டிருந்தேன். கியரை மெதுவா போடு, பிரேக்கை மிதிக்காதே, அப்புறம் என்ன?"

"நிறுத்துடான்னா நிறுத்து!"

"ஏன்க்கா? என்ன ஆச்சு, சொல்லு."

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஹப்பை மாற்றிப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை வருஷம் பழகிய வாய், பழகிய வழியிலேயே போயிற்று.

"நீ வளைவுல வண்டியைப் போட்டு முறுக்குவே. சக்கரம் தளர்ந்திருக்கும். இறங்கிப் பாரு."

"நான் முறுக்கறேனா? நல்லா இருக்கே கதை! நீ மாட்டின சக்கரம்க்கா அது, அவ்வளவு லேசுல தளருமா? அப்படியே தளர்ந்தாலும் சுத்தியலை நீதானே வச்சிருக்கே? நான் என்ன தலையால முட்டறதா?"

"மாமா, பின்னாடி ஏதோ டிக் டிக்னு கேக்குதே," என்றாள் மகள் பக்கத்திலிருந்து.

"மருமகளே, பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும். உங்கம்மா பாத்துப் பாத்து மாட்டினது, நீ பயப்படாதே..."

அதோடு தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. முன்னால் போயிருந்த மற்ற கார்க்காரர்களுக்குப் போட்டாள். ஒருவரும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏன் சொல்லல?"

அவள் மறுபடியும் தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

"அவன் கேட்டானே, என்ன ஆச்சுன்னு. உன் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பான்ல?"

"தெரியும்!" என்று கத்தினாள். "தெரியும், தெரியும்! ஓட்டுங்க!"

பிறந்ததிலிருந்து வேக அளவுக்குக் கீழேயே ஓட்டிப் பழகிய மனுஷன் அவர். அன்றைக்கு முன்னால் போன லாரியை வளைவு என்றும் பார்க்காமல் தாண்டினார். அவள் மடியில் சுத்தியல் கிடந்தது. கிளம்பும் அவசரத்தில் அதை எப்போது எடுத்தோம் என்பதே அவளுக்கு ஞாபகமில்லை. மகள் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைத்துக்கொண்டு வந்ததும், அன்றைக்கும் "பாத்து ஓட்டத் தெரியாதா" என்று அவளைத்தான் திட்டியதும் நினைவுக்கு வந்தன. அந்த சைக்கிளின் பிரேக்கைச் சரிசெய்தது யார்?

ஃபோனை வாயருகில் வைத்துக் குரலைப் பதிவு செய்தாள்.

"டேய். ஹப்பை இடம் வலம் மாத்திப் போட்டுட்டேன். ஓட ஓட நட்டு கழலும். நீ ஒண்ணும் பண்ணல. தப்பு என்னோடது. என் தப்புடா. நிறுத்துடா, கண்ணு."

அனுப்பினாள். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. போய்ச் சேரவில்லை. அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மலைப்பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரத்துக் கல் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் கண் அந்தத் தடுப்பில் உடைசல் இருக்கிறதா என்றே தேடியது.

நடுச்சாலையில் ஏதோ பளிச்சென்று மின்னியது.

"நிறுத்துங்க!"

கார் நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். இரண்டு காது வைத்த பெரிய நட்டு. ஓர் எழுத்துகூட இல்லாமல் வழுவழுவென்றிருந்தது. கையில் எடுத்தபோது இன்னும் சூடு ஆறவில்லை.

"ஐயோ," என்று அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என் குழந்தை! என் குழந்தைங்க ரெண்டும் போச்சே!" தம்பியையும் சேர்த்துத்தான் சொன்னாள். அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவள் அவள். வீட்டுக்காரர் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் காரில் போட்டார்.

ஒரு வளைவு. ஒன்றுமில்லை. இன்னொரு வளைவு. ஒன்றுமில்லை. அடுத்ததில், பாறையை ஒட்டி, கோணலாக, பச்சையாக நின்றுகொண்டிருந்தாள் துரைசானி.

பின்னால் இடது சக்கரம் பாதி வெளியே வந்து சாய்ந்து நின்றது. இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் தனியாகப் போயிருக்கும். மகள் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்காரன் சாலையோரமாக நட்டைத் தேடிக் குனிந்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தான்.

அக்காக்காரி ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் தம்பியின் முதுகில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள்.

"நிறுத்துன்னு சொன்னேன்ல? சொன்னேன்ல? ஏண்டா நிறுத்தல?"

"நீ நிறுத்துன்னு சொல்லாத நாள் ஏதுக்கா?" என்றான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "தினம் சொல்றதுக்கெல்லாம் நின்னா நான் மலையேறவே முடியாது. இங்க வந்தப்ப சிக்னல் வந்துச்சு. நீ அனுப்பினதை இவ ஸ்பீக்கர்ல போட்டா. ஹப்பு, நட்டுன்னு நீ சொன்னது ஒண்ணும் காத்துல சரியா காதுல விழல. 'என் தப்புடா'ன்னது மட்டும் விழுந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரெண்டு காலாலயும் பிரேக்கை மிதிச்சேன். எங்கக்கா வாயால தன் தப்புன்னு சொல்லுதுன்னா, வண்டியில ஒரு சக்கரமாவது இல்லைன்னு அர்த்தம்."

மகள் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். வீட்டுக்காரர் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

"மச்சான், இப்படியே ரிவர்ஸ்ல வீட்டுக்குப் போயிடலாமா?" என்றான், வண்டி நின்றபின் அவள் பதிவை முழுசாகக் கேட்டிருந்த தம்பி. "பின்னால போனா இறுகிக்கிட்டே வரும்."

"வாயை மூடுடா," என்றாள் அவள். ஆனால் அதில் பழைய காரம் இல்லை. இழுவை லாரிக்குச் சொல்லியாயிற்று. அது வந்து ஏற்றுகிற வரைக்குமாவது சக்கரம் நிற்க வேண்டுமே. ஆண்கள் இருவரும் ஜாக்கி வைத்துத் தூக்க, அவள் மண்டியிட்டுச் சக்கரத்தை உள்ளே தள்ளி, நட்டை ஏற்றி, அடித்தாள். சுத்தியல் முன்பக்கம் பார்த்துப் போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலது பக்கத்து நட்டு கையால் தொட்டதுமே சுழன்றது. அதையும் அடித்து முடித்தாள்.

எழுந்து நின்று சுத்தியலைத் தம்பியிடம் நீட்டினாள்.

"பாருடா."

"எதைக்கா?"

"நான் அடிச்சதைத்தான். சரியா இருக்கான்னு பாரு."

அவன் கேலி ஏதும் செய்யவில்லை. சுத்தியலை வாங்கிக்கொண்டு இடது சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டான். லாரியின் ஹாரன் கீழ் வளைவில் கேட்டது. அவன் இரண்டு சக்கரத்தையும் பார்த்து முடித்துத் தலையாட்டுகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.