ஃபோனில் சொன்ன 'வரேன்'

தையல்காரி உள்ளே நுழைந்தபோது அவளுடைய சிநேகிதி வெளியே போகும்போது கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் வந்தபோதும் இதே சேலை, இதே பை, இதே நாற்காலிதான்.

சிநேகிதியை எல்லோரும் ஹலோ என்றுதான் கூப்பிடுவார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் இந்தப் பராமரிப்பு இல்லத்துக்கு வந்தாள். இப்போது எலும்பு கூடிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடக்கிறாள். ஆனாலும் வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

தலைமை நர்ஸ் தையல்காரியைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"தினம் மூட்டை கட்டறாங்கம்மா. புள்ள வரேன்னு சொன்னாராம். புள்ளையக் கேட்டா, நான் சொல்லவே இல்லங்கறார். புத்தி தடுமாற ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு டாக்டர் பார்த்துட்டு மேல் மாடிக்கு மாத்தச் சொல்லுவார்."

மேல் மாடிக் கதவு வெளிப்பக்கம் பூட்டுகிற கதவு. போனவர்கள் இறங்கி வந்து தையல்காரி பார்த்ததில்லை.

நர்ஸ் இதைச் சொல்லும்போது தையல்காரியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தையல்காரிக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது. துணியில் ஒரு துண்டை அமுக்கிக்கொண்டு 'பத்தலைம்மா' என்று சொல்லும்போது தன் குரலும் இப்படித்தான் குழையும் என்பது அவளுக்குத் தெரியாதா?

அவள் திரும்பி வந்து ஹலோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெசமாவே உன் புள்ள வரேன்னானா? கனவு கினவு கண்டியா?"

"நீயும் அவங்க கட்சியில சேர்ந்துட்டியாடி?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"பேசி முடிச்சான். 'சரிம்மா, வரேன்'னான். வெச்சுட்டான். நேர்ல பேசிட்டுக் கெளம்பறவன் வரேம்பான், சரி. ஃபோன்ல யாருடி வரேன்னு சொல்லிட்டு வெக்கறா? 'வெச்சிடறேன்'னுதானே சொல்லணும்? என் வாழ்நாள் பூரா ஃபோன் காதுலயே கெடந்தவ நான். வரேன்னா வரான்னுதான் அர்த்தம்."

தையல்காரி யோசித்தாள். பேச்சில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. இவளுக்கா புத்தி தடுமாறிவிட்டது? அப்படியென்றால் பொய் சொல்கிறவன் மகன். அம்மாவை மாடிக்கு ஏற்றிவிட்டால் வீடு யார் கைக்குப் போகும்? ஆனால், சின்ன வயதில் அவனுக்கு நிக்கர் தைத்துக் கொடுத்தவள் அவள். அவனைப் போய் இப்படி நினைக்கலாமா என்றும் ஒரு உறுத்தல். நினைப்பதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.

அங்கிருந்து நேராக ஹலோவின் வீட்டுக்குப் போனாள். வாசல் திறந்து கிடந்தது. உள்ளே தச்சர் ஒருவர் குளியலறைக் கதவைக் கழற்றித் தரையில் கிடத்தியிருந்தார். கூடத்துச் சாமான்களெல்லாம் ஒரு மூலையில் குவிந்து, மேலே ஒரு பழைய போர்வை போர்த்தியிருந்தது. தனிக்குடித்தனம் போய்விட்ட மகன் ஜன்னலோரம் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் சோப்புக் கம்பெனியின் விற்பனையாளன். கடை கடையாக ஏறி இறங்குகிற பிழைப்பு.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று தையல்காரி சத்தமில்லாமல் நிலைப்படியில் நின்றாள்.

"ரெண்டு பெட்டி அனுப்பிடறேன்ணே. சரிண்ணே, வரேன்" என்று சொல்லி அவன் ஃபோனை வைத்தான். திரும்பியவன் திடுக்கிட்டான். "அட, சித்தி! வாங்க வாங்க."

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லையே."

"இப்ப வரேன்னு சொன்னியே?"

"யார்கிட்ட?"

"அந்தக் கடைக்காரன்கிட்டடா! என் காதால கேட்டேன்."

அவன் சிரித்தான். "அதுவா சித்தி, நாள் பூரா கடைக்குக் கடை 'வரேன்ணே, வரேன்ணே'ன்னு சொல்லி வாய் பழகிடுச்சு. ஃபோன்லயும் அதான் வருது. வீட்டுக்காரிகூடத் திட்டுவா."

"உங்கம்மாகிட்டயும் அப்படித்தான் வெச்சியா?"

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. போர்வை போர்த்திய சாமான்கள்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அந்த வார்த்தைய நம்பித்தான் உங்கம்மா மடியில பையோட உக்காந்திருக்கா. அதைப் பார்த்துட்டுத்தான் பைத்தியப் பட்டம் கட்டறாங்க. சரி, இந்தக் கதவ ஏன் கழட்டற?"

"அம்மா விழுந்தன்னிக்குக் கதவு உள்பக்கம் தொறக்கற கதவு. அவங்க குறுக்கே கெடந்ததால தள்ளவே முடியல. ஒடைச்சுத்தான் தூக்கினோம். அதான் வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி மாத்தறேன்."

"அம்மாவுக்காகவா?"

"அம்மாவுக்குன்னுதான் ஆரம்பிச்சேன்." அவன் தச்சரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அப்புறம் ஹோம்ல அம்மாவுக்குப் புத்தி தடுமாறுதுன்னு சொன்னாங்களா... வாடகைக்கு விட்டுடலாம்னு நெனச்சேன்."

சந்தேகம் பாதிதான் பலித்தது. மீதிப் பாதியை எங்கே வைப்பது என்று தையல்காரிக்குத் தெரியவில்லை.

"காலையில என்கூட வா. டாக்டர்கிட்ட நீயே சொல்லு" என்றாள்.

மறுநாள் டாக்டர் மகன் சொன்னதைக் கேட்டார். அவரும் லேசில் நம்புகிற ஆளில்லை. ஒருத்தர் சொல்லிக் கொடுத்து இன்னொருத்தர் ஒப்பிக்கிறாரோ என்பதுபோல மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹலோவிடம் கேட்டார்:

"ஏம்மா, அவர் ஒரு நாள் வரல, ரெண்டு நாள் வரல. அப்பவே இது சும்மா சொன்னதுன்னு தோணலையா?"

"தோணிச்சு டாக்டர். ஆனா பையைக் கீழ வெச்சா, இங்கயே இருக்க சம்மதம்னு எழுதிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போகட்டும்" என்றார் டாக்டர். "கொஞ்ச நாளைக்கு யாராவது கூடப் படுக்கணும்."

"நான் இருக்கேன்" என்றாள் தையல்காரி.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார்கள். மகன் மாற்றுச் சாவியைத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் ஹலோ கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"எதுக்கு? நீ விழுந்து கெடந்தா நான் எப்படி உள்ள வர்றது?"

"நீ என் ஆளா, அவன் ஆளா?"

"அடிப்பாவி! உனக்காக நாயா அலைஞ்சேனே!"

"அலைஞ்சே. ஆனா நீ பாட்டுக்குத் தொறந்துட்டு வந்தா அது ஹோம். மணியடிச்சு நான் தொறந்தாத்தான் வீடு."

இரண்டு நாளாக உலகத்தையே சந்தேகப்பட்டவளுக்கு, தன்னைச் சந்தேகப்பட்டதும் சுருக்கென்று தைத்தது. இவளால் வாசல்வரை நடந்து வந்து கதவைத் திறக்க முடியுமா என்கிற பயமும் கூடவே இருந்தது. சாவியைக் கொடுத்தாள். ஹலோ அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "போய் அடிச்சுப் பாரேன்" என்றாள்.

தையல்காரி வெளியே வந்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. வாக்கரின் சத்தம் கூடத்துக்குள் தேய்ந்து போய், நாற்காலி கிரீச்சிடும்வரை காத்திருந்தாள். பிறகு மணியை அடித்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. கதவில் காதை வைத்தாள். தச்சரை ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்று யோசித்தாள். அப்புறம் வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம். நின்றது. மறுபடியும் ஊன்றியது. மெதுவாக, யாருக்கும் அவசரப்படாமல், வாசலை நோக்கி வந்தது.

"யாரு?"

"நான்தான்டி."

"நான்தான்னா?"

"தையல்காரி!"

"என்ன வேணும்?"

தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன்னைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது.