படியில் தூவிய பொடி

ராஜபாய்க்குச் சந்தேகம் என்பது புதிதாக வந்த சீக்கு அல்ல. மீன்காரி பையில் போட்ட சாளையை வீட்டுக்கு வந்து மறுபடி எண்ணுவாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் ஒரு கண்ணை மட்டும் மூடுவாள். "இவளுக்குக் கர்த்தர் ரெண்டு கண்ணு குடுத்தது பத்தாமப் போச்சு" என்று அவள் புருஷன் யேசுரத்தினம் மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் இந்த ஜூன் மாதம் வந்த சந்தேகம் சிரித்துத் தள்ளுகிற ரகமாக இல்லை.

திருவட்டாற்றுக்குப் போகிற சாலையோரம், நிலம் பின்பக்கம் சரிந்து இறங்குகிற இடத்தில் அவர்களுடைய கட்டடம். சாலையிலிருந்து பார்த்தால் சாதாரண மாடி வீடு. முன்பக்கத் தனிக்கதவைத் திறந்து படியிறங்கினால் சாலை மட்டத்துக்குக் கீழே நீளமாக ஓர் அறை உண்டு. அண்டர்கிரவுண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அங்கேதான் ராஜபாய் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் யூனிட்டை நடத்தினாள். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான், எங்கள் பக்கத்து வானம் திறப்பதும் ஜூனில்தான்.

யூனிட்டின் வலது கை சுபிதா. பின்பக்க வாழைத்தோட்டத்துக்காரர் முருகதாஸின் மனைவி. துணி வெட்டுவது அவள்தான். காலையில் வந்து திறப்பதும் அவள்தான். ராஜபாய்க்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துக் கூடக் கிடந்தவளும் அவளே. பெங்களூரில் இருக்கும் மகன் எல்லாம் முடிந்த பிறகு வீடியோ காலில் வந்து அழுதான். அதனால் அண்டர்கிரவுண்டின் இரண்டாவது சாவி சுபிதாவிடம் இருந்தது. ராஜபாய் வாழ்நாளில் இன்னொரு ஆளிடம் கொடுத்த ஒரே சாவி அது.

முதல் வெள்ளத்துக்கு யார் மேலும் பழி சொல்ல முடியாது. சாலை ஓடை அடைத்துக்கொண்டு, கலங்கல் தண்ணீர் பிளாஸ்டிக் குப்பியும் செருப்புமாக முன்படி வழியே இறங்கி முழங்காலளவு நின்றது. அல்போன்ஸ் என்கிற மோட்டார்க்காரன் வந்து ஹோஸைப் போட்டு உறிஞ்சி எடுத்தான். தையல்காரிகள் எல்லோரும் சேர்ந்து சேற்றை வாரினார்கள். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். நனைந்த துணியை அலசி மாடியில் கொடி கட்டி உலர்த்தினார்கள். தரையில் மரத்தூளைப் பரப்பி, ஈரம் குடித்ததும் கூட்டி அள்ளி, மறுபடியும் பரப்பினார்கள். ஃபேன்கள் இரவும் பகலும் ஓடின. சுவரில் சேறு நின்ற கோடு மட்டும் போகாமல் நின்றது.

அந்தச் சுத்தம் செய்கிற வேலையில்தான் ராஜபாய் பின்சுவரை வெளியிலிருந்து பார்க்கப் போனாள். சேம்பு இலைகளை விலக்கியபோது, சுவரின் அடியில் ஒரு குழாயின் வாய் தெரிந்தது. கை நுழைகிற அகலம். உள்ளே பாசி பிடித்து ஈரமாக இருந்தது. குழாய்க்கு நேர் எதிரே முருகதாஸின் வாழைக்கான், வாழைக்கு நடுவே வெட்டிய வாய்க்கால்.

அவள் வீட்டுச் சுவரில் அவளுக்குத் தெரியாமல் ஒரு குழாய்!

அல்போன்ஸைக் கூட்டிக் காட்டினாள். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, தோட்டத்துல வெள்ளம் நெறைஞ்சா எங்க போவும்? இந்தக் குழாய் வழியா நேரா உங்க அண்டர்கிரவுண்டுக்கு அடியில போவும். இது தெரிஞ்சு வச்ச வேலையாக்கும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, கேட்டியளா."

மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். யேசுரத்தினம் அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார், இங்கே சபைக் கமிட்டியில் பெரிய புள்ளி.

"பின்சுவருல ஒரு குழாய் இருக்கே, அது என்னவாக்கும்?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எந்தக் குழாய்?" என்றார்.

"அடியில, சேம்புக்குள்ள. முருகதாஸுக்க தோட்டத்தைப் பாத்துக்கிட்டு."

"அதா... அது பழசு. சவத்த விடு. அதைத் தொடாண்டாம். இங்க சூப்பர்வைசர் கூப்பிடுதாரு, நான் அப்புறமா விளிக்கேன்."

அப்புறம் விளிக்கவில்லை. தொடாதே என்று சொன்னால் தொடுகிறவள்தானே ராஜபாய். புருஷனையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். முருகதாஸ் நாகர்கோவிலுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, ஒரு சட்டி சிமெண்டும் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் கொண்டுபோய்க் குழாயின் வாயை அவளே கெட்டியாக அடைத்தாள். கையைக் கழுவும்போது மனது நிறைந்திருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மழை மறுபடி பிடித்தது. ஓடையைத் தோண்டிவிட்டிருந்ததால் முன்படியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனாலும் காலையில் அண்டர்கிரவுண்டின் பின்மூலையில் தண்ணீர் நின்றது. துடைத்தார்கள். மறுநாள் இன்னும் அகலமாக நின்றது. அல்போன்ஸ் மறுபடி மோட்டாரோடு வந்து, குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தான்.

"ரோட்டு வெள்ளம்னா கலங்கல் இருக்கணும்லா? இது குடிக்கிற வெள்ளம் கணக்கா இருக்கு. ஆரோ விடுத வெள்ளமாக்கும் அக்கா."

குழாயை அடைத்தாயிற்று. முன்கதவு பூட்டிக் கிடக்கிறது. அப்படியானால் யார் உள்ளே வந்து விட முடியும்? சாவி வைத்திருக்கிறவள் விடலாம். அந்த நினைப்பு வந்தபோது ராஜபாய்க்கே சீ என்றிருந்தது. ஆனால் வந்த நினைப்பு போகவில்லை. போன மாதம் சுபிதா வீட்டில் துணியோரம் அடிக்கிற புது ஓவர்லாக் மெஷின் ஒன்று வந்து இறங்கியதைப் பார்த்திருந்தாள். அப்போது கேட்கவில்லை. இப்போது அது கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சீருடை நனைந்து நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள். வேறு ஆள் வேலியைத் தாண்டினால் இருக்கிறாள், மெஷினோடு.

ராஜபாய் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். சுபிதா ஒருநாள் அவியல் கொண்டுவந்து, "அக்கா, உங்களுக்குத்தான் முருங்கைக்காய் கூடப் போட்டேன்" என்றாள். "வயிறு செரியில்ல" என்று ராஜபாய் திரும்பிக்கொண்டாள். அவியலின் மணம் படிவரைக்கும் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டிகளை நுணுக்கிப் பொடியாக்கி, படிகளில் மெல்லியதாகத் தூவிவிட்டுப் பூட்டினாள். காலையில் சுபிதாவுக்கு முன்னாலேயே போய்த் திறந்தாள். பொடியில் வெறுங்கால் தடங்கள். இறங்கிய தடம், ஏறிய தடம். சின்னக் கால்கள். வலது காலின் சுண்டுவிரல் சற்று விலகியிருந்தது. அந்தக் காலை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்.

கீழே போனால், அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த துணிக்கட்டுகள் சில இடம் மாறியிருந்தன. மூலையில் தண்ணீர். இதற்கு மேல் என்ன வேண்டும்? கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை, துரோகம் பட்ட வலிதான் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் மறுபேச்சு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்க்க வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தோடு வாசலிறங்கினாள். வேலி ஓரம் நின்ற சுபிதாவிடம் வலியப் போய், "ஆராதனை முடிஞ்சு வர நேரமாவும், இன்னைக்குப் பெண்கள் சங்கக் கூட்டமும் உண்டு" என்று சொன்னாள். வளைவு திரும்பினதும் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு வந்து, சத்தமில்லாமல் திறந்து, உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாள். நீலத்துணி உருளைகளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கமிட்டி மெம்பர் பெண்டாட்டி வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒளிந்திருக்கிற அழகைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. தூரத்தில் கோயில் மணி அடித்தது. வெளியே மழை வலுத்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். பின்மூலையில், சுவரும் தரையும் சேருகிற இடுக்கிலிருந்து, ஒரு நீர்க்குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. தண்ணீர் ஓசையில்லாமல் ஊறி, தரையில் நகர்ந்து அவள் செருப்பைத் தொட்டது. அறையில் அவளைத் தவிர ஆளே இல்லை. ராஜபாய் காலை இழுத்துக்கொண்டாள். யாரும் விடாமல் தண்ணீர் எப்படி வருகிறது?

பூட்டில் சாவி திரும்பியது. படியிறங்கி வந்தாள் சுபிதா. நைட்டியை இடுப்பில் செருகியிருந்தாள், கையில் வாளியும் பழைய சாக்கும். மூலையைப் பார்த்து, "ச்சே, இன்னைக்கும் வந்தாச்சா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, முதலில் அடித்தட்டுக் கட்டுகளைத் தூக்கி வெட்டுமேசை மேல் அடுக்கினாள். பிறகு குந்தியிருந்து சாக்கைத் தண்ணீரில் போட்டு வாளியில் பிழிந்தாள். பிழிந்து பிழிந்து கை ஓய்ந்தபோது, எழுந்து ஃபேனைப் போட்டு, காற்று துணி மேல் படும்படி திருப்பி வைத்தாள்.

ராஜபாய் எழுந்தாள். மடியிலிருந்த வேதப்புத்தகம் தண்ணீரில் விழுந்தது.

சுபிதா பதறிப் போனாள். "அக்கா! நீங்க கோயிலுக்குப் போகல்லியா?"

"நீ இங்க என்ன செய்யுத?"

"வெள்ளம் துடைக்கேன். மழை பெய்ஞ்ச நாளெல்லாம் வந்து பாக்கத்தான் செய்யுதேன். துணி நனைஞ்சா போச்சுல்லா."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா ராத்திரி ஒறங்குவியளா? பிரஷர் மாத்திரை தின்னுக ஆளு. அதுவுமில்லாம, நீங்க எனக்கிட்ட மொகம் குடுத்துப் பேசினாத்தானே." சாக்கைக் கீழே வைத்தாள். "அக்கா, அந்த மூச்சுக் குழாய ஆரு அடைச்சா? நேத்தைக்கு இவரு சேம்பு வெட்டப் போனப்பம் பாத்திருக்காரு. சிமெண்ட் அப்பியிருக்காம்."

"என்ன மூச்சுக் குழாய்?"

சுபிதா அவளையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? இந்த மூலைக்குக் கீழ பழைய கிணறு கெடக்குல்லா. வீடு கெட்டும்போ யேசுரத்தினம் அண்ணன் அதை மூடத்தான் போனாரு. கிணத்தை மூடினா அது மூச்சு விட வழி வைக்கணும், இல்லேன்னா குடும்பத்துக்கு ஆவாதுன்னு இவரு சொன்னாரு. அண்ணனும் சம்மதிச்சு, எங்க தோட்டத்துப் பக்கமாக் குழாய் போட்டாரு. மழைக்குக் கிணறு பொங்கினா வெள்ளம் அது வழியா எங்க வாழைக்குப் போயிரும். இதுவரைக்கும் அப்பிடித்தானே போச்சு."

ராஜபாய் அங்கேயே நின்று மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அன்று யேசுரத்தினத்தால் சூப்பர்வைசரைக் காட்டித் தப்ப முடியவில்லை.

"கிணத்தை மண்ணு போட்டு நெரத்தியாச்சுன்னுல்லா எனக்கிட்ட சொன்னிய?"

"பின்ன என்ன சொல்ல? மூடநம்பிக்கை கூடாதுன்னு அந்த மாசம்தான் சபையில எழும்பி நின்னு பேசியிருந்தேன். பிள்ளைக்குப் பரீட்சை நேரம் வேற... பயந்துட்டேன். உனக்குத் தெரிஞ்சா சங்கத்துல சொல்லிருவ. நாணக்கேடு. அதுதான் தொடாதேன்னு சொன்னேன்."

அவள் போனை அணைத்தாள். குழாயை அடைத்த கை அவளுடையது.

முருகதாஸ் கடப்பாறையோடு வந்தார். நெற்றியில் இட்ட நாமம் மழையில் கரைந்து வழிந்தது. சிமெண்டைக் குத்தி உடைத்தார். ஓட்டுத் துண்டுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீறிட்டு வாழைக்கானுக்குள் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அண்டர்கிரவுண்டின் மூலையில் குமிழி நின்றுபோனது.

கீழே சுபிதா கடைசி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனாள். ராஜபாய் தடுத்து வாளியைப் பிடித்தாள். "மக்கா, நான்..."

"பொடி போட்டது எனக்குன்னு தெரியும் அக்கா," என்றாள் சுபிதா. குரலில் கோபம் இல்லை. "அன்னைக்குக் கதவைத் தொறந்ததுமே பாத்தேன். சாக்குக்கட்டி வாங்கிட்டு வந்தவளே நான்லா. தாண்டி எறங்கியிருக்கலாம். துடைச்சிட்டும் போயிருக்கலாம். மிதிச்சுட்டே போனேன். பாத்தா கேப்பிய, கேட்டா சொல்லலாம்னு நெனச்சேன்."

ராஜபாய் சுவரில் சாய்ந்துகொண்டாள். வெட்கம் உச்சந்தலைவரை ஏறியது. "நாளைக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"வராம? பிள்ளையளுக்கு உடுப்பு முடியணும்லா." சுபிதா நைட்டிப் பையிலிருந்து சாவியை எடுத்து, வெட்டுமேசையில் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்தாள். "ஆனா இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

சீருடைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அண்டர்கிரவுண்டு நன்றாகக் காய்ந்துவிட்டது. மூலையில் வெள்ளையடித்தும் ஆயிற்று. சுபிதா பழையபடி சிரிக்கிறாள், அவியல் கொண்டுவருகிறாள், ராஜபாயும் சாப்பிடுகிறாள். அந்த ஓவர்லாக் மெஷின் எதற்கு என்று அவள் இதுவரை கேட்கவில்லை, கேட்கிற முகம் இல்லை. சாவியை மட்டும் பலமுறை நீட்டிப் பார்த்துவிட்டாள். "இருக்கட்டும் அக்கா" என்பதுதான் பதில். இப்போதெல்லாம் காலையில் சுபிதா முதலில் வந்து, மழையானாலும் பூட்டின கதவுக்கு முன்னால் குடை பிடித்து நிற்கிறாள், ராஜபாய் வந்து திறக்கிறவரைக்கும்.