ஏழாம் புள்ளியில் ஒரு கூனன்

என் ஓரகத்தியை இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பொல்லாதவள் என்று சொல்லக் கூடாது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் படித்த படிப்பை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று, நானே எங்கள் ஆய்வகத்துத் தலைவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். மூன்று மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம் என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

எங்கள் வேலை சேறு பார்ப்பது. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் பத்துப் புள்ளிகள் குறித்திருக்கிறோம். மாதம் ஒருமுறை படகில் போய் ஒவ்வொன்றிலும் அடிச்சேற்றை அள்ளி, பொடிச் சல்லடையில் அலசி, மிஞ்சுவதைக் கெடாமலிருக்க மருந்தில் போட்டு ஜாடியில் அடைப்போம். சாயம் கலந்தால் அதிலுள்ள பூச்சி புழுக்கள் ரோஸ் நிறத்தில் பளிச்சென்று தெரியும். தட்டில் கொட்டி எண்ண வேண்டியதுதான். என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்த்தால் தண்ணீரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

ஏழாம் புள்ளி, ஆலைக் கழிவு வந்து விழும் இடம். அங்கே செம்புழு மட்டும்தான். எந்தச் சாக்கடையிலும் சந்தோஷமாகக் குடும்பம் நடத்துகிற ஜென்மம் அது. பதினோரு வருடமாக ஏழாம் புள்ளியை எண்ணியவள் நான். மற்ற உயிர்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. தலைவர் இந்த மாதம் அதை அவளிடம் கொடுத்தார். அவள் அதில் இரண்டு கூனன்களைக் கண்டுபிடித்துவிட்டாள்.

கூனன் என்பது நாங்கள் வைத்த பெயர். அரிசி அளவில், முதுகு வளைந்து, பார்க்க இறால் குஞ்சு போல இருக்கும். கெட்ட சேற்றில் தங்கவே தங்காது. கடல் பக்கம் இரண்டாம் புள்ளியில்தான் பார்த்திருக்கிறோம். அது ஏழில் வந்துவிட்டது என்றால் ஆறு பிழைக்கிறது என்று அர்த்தம். தலைவர் அறையைவிட்டு ஓடி வந்தார். படம் எடுத்தார். அறிக்கையில் அவள் பெயரைப் போடப்போவதாகச் சொன்னார். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

வீட்டிலும் அதே பேச்சு. மாமியார் எதிர்வீட்டுக்காரியிடம் சொல்வது சமையலறைவரை கேட்டது.

“சின்னவ போய் மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள கண்டுபுடிச்சிட்டா. பெரியவளும் அங்கதான் இருக்கா, பதினோரு வருஷமா.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சும்மா விட்டிருக்கலாம். என் கணவர் அதற்கும் மேலே போய், “உன் கண்ணுல ஒரு தடவைகூட படலையா?” என்று கேட்டார். அன்று அவருக்கு ஆறிப்போன சோறுதான்.

மறுநாள் காலையில் தலைவரின் அறைக்குப் போனேன்.

“சார், சொல்லக் கூடாதுதான். சின்னவ புதுசு. ரெண்டாம் புள்ளி முடிச்சிட்டுச் சல்லடையைச் சரியாக் கழுவாம ஏழுக்குப் போட்டிருப்பாளோன்னு சந்தேகமா இருக்கு.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. சல்லடையைக் கழுவாமல் விட்டால் ஒரு புள்ளியின் உயிர் இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடும்; எங்கள் தொழிலில் அது மன்னிக்க முடியாத தப்பு.

“அப்படின்னா அவங்களை வச்சிக்க முடியாதேம்மா. நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஏழோட பழைய ஜாடியெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு இருக்குல்ல? திறந்து பாருங்க. ஒண்ணுலயும் இல்லேன்னா, இதையும் அறிக்கையிலேருந்து எடுத்துடுவோம்.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கைக்கு வந்தபடி எடுத்து, மத்தியானத்துக்குள் நான்கு ஜாடிகளைப் பார்த்து முடித்தேன். செம்புழு, செம்புழு, செம்புழு. ஐந்தாவது, இரண்டு வருடத்துக்கு முந்தையது. லேபிளில் என் கையெழுத்து. தட்டில் கொட்டிப் பரப்பினேன். ஓரத்தில் ஒரு கூனன். இடுக்கியால் திருப்பினேன், அதன் பக்கத்தில் இன்னொன்று. எதிர் மூலையில் மூன்றாவது.

எப்படித் தவறவிட்டேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. செம்புழு நூற்றுக்கணக்கில் வரும் ஜாடியை முழுசாக எண்ண முடியாது. தட்டை நான்காகப் பிரித்து, ஒரு கால் பங்கை எண்ணி, நான்கால் பெருக்குவோம். ஆனால் அதற்கு முன்னால் முழுத் தட்டையும் ஒருமுறை கண்ணால் மேய்ந்து, அபூர்வமானது ஏதாவது கிடந்தால் பொறுக்கிவிட வேண்டும். அதுதான் விதி. ஏழில் என்ன அபூர்வம் கிடக்கப்போகிறது என்று அந்த முதல் பார்வையை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. அவள் புதுசு. விதிப்படி பார்த்திருக்கிறாள்.

யாரும் இல்லை. மூன்றையும் பழையபடி ஜாடிக்குள் போட்டு மூடினால் முடிந்தது கதை. அவள் வேலை போய்விடும், என் பதினோரு வருடம் அப்படியே இருக்கும். மூடியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

மனச்சாட்சி உறுத்தியது என்று சொன்னால் பொய். எனக்குத் தோன்றியது வேறு. அவளுக்கு இரண்டு, எனக்கு மூன்று. அதுவும் இரண்டு வருடம் முன்னால். இதை மூடிவிட்டால் நான் முந்திக்கொண்டது யாருக்குத் தெரியும்?

தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு தலைவரிடம் போனேன்.

அவர் லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். “சல்லடையில தப்பில்ல, அப்படித்தானே?”

“இல்ல சார்.”

“ரெண்டு வருஷமா பூஜ்யம் போட்டிருக்கீங்க.”

“ஆமா சார். ஆனா முதல்ல வந்தது என் ஜாடியிலதான்.”

அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். என் பூஜ்யத்தை நானே அடித்து, மூன்று என்று எழுதி, பக்கத்தில் ‘சரியாகப் பார்க்கவில்லை’ என்று காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி ஏழாம் புள்ளியைச் சின்னவளே பார்க்கட்டும் என்றார். சரி என்றேன்.

வெளியே வந்தபோது விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, மூணா? அப்ப ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆறு தேற ஆரம்பிச்சிடுச்சு. உங்களோடதுதான்க்கா முதல்ல.”

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு சின்ன வருத்தம், ஒரு துளி எரிச்சல், ஏதாவது இருக்குமா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். ஒன்றுமே இல்லை. பாவி, அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.