கடைசி மாட்டுக்குத்தான் கூட்டம் நிற்கும்

மார்ச் மாதத்தில் பாரிஸில் வெயில் அடித்தால் வேலைக்குப் போனவன்கூடக் கால்வாய்க் கரையில் வந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுவான். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்ல வெயில். கரையெல்லாம் கூட்டம். அதற்கு நடுவே மேரனும் ஜியானாவும் இடம் பிடித்திருந்தார்கள். ஜியானா நீள ரொட்டியைப் பிய்த்து, சீஸை அடைத்து, இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள். மேரனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"அந்த போனை இன்னும் எத்தனை தடவைடி பாப்ப? நீ பாத்தா முள்ளு வேகமா ஓடிடுமா?" என்றாள் ஜியானா.

"ஒரு மணிக்கு அப்பாவைக் கூப்பிடணும்."

"தெரியும்டி. பிளேன்ல சொன்ன, பஸ்ல சொன்ன, பல்லு விளக்குறப்பவும் நுரையோட சொன்ன. ரொட்டியத் தின்னு."

இரண்டு பேரும் அமெரிக்கப் பெண்கள். ஆறு மாதம் இத்தாலியில், ஃபிளாரன்ஸில் தங்கிப் படிக்க வந்தவர்கள். படிக்க வந்தவர்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது. ஆகவே வியாழன் சாயங்காலமே முதுகில் பையை மாட்டிக்கொண்டு வாரம் ஒரு ஊர் என்று கிளம்பிவிடும் கூட்டம் அது. பிராக் ஒரு வாரம், பார்சிலோனா ஒரு வாரம். பாரிஸுக்கு இந்த வாரம் என்று ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்திருந்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை என்னவாக இருக்கப்போகிறது என்று ஜனவரியில் யாருக்குத் தெரியும்?

மேரனின் அப்பா லைல் வோசிகா, நெப்ராஸ்காவில் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுபவர். அவர் ஏலம் விட்டுக் கேட்டிருக்கவேண்டும் நீங்கள். மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம் வரும். விலையும் வார்த்தையுமாகக் கலந்து, தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல விடாமல் கொட்டும். கூட்டத்தில் எவன் புருவத்தைத் தூக்கினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கடைசியில், "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" என்று சொல்லி, விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு. அந்தத் தட்டு விழுந்த பிறகு சாமியே வந்து கையைத் தூக்கினாலும் மாடு கிடையாது.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. பனியில் கட்டிய தொண்டை என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார் மனிதர். டாக்டர் பார்த்தபோது முற்றியிருந்தது. குரல்வளையை அப்படியே எடுத்தாகவேண்டும். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் போய்விடும் என்றாராம் டாக்டர். பேச்சு மட்டும்! அந்த டாக்டர் சந்தைப் பக்கம் வந்தே இருக்கமாட்டார்.

விஷயம் தெரிந்ததும் மேரன் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றுதான் நின்றாள். அப்பா விடவில்லை. புதன்கிழமை அவராகவே கூப்பிட்டார். குரல் அப்போதே கரகரத்து உடைந்து கிடந்தது.

"நீ வந்து என்ன பண்ணப்போற? நான் படுத்துக் கெடக்குறதப் பாக்கணுமா? பாரிஸுக்குப் போ. டிக்கெட்ட வீணாக்குன, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"அப்பா, அப்புறம் உங்க குரலை..."

"கேக்கத்தான் போற. வெள்ளிக்கிழம காலைல ஆறு மணிக்குக் கூப்பிடு. ஆறரைக்குத்தான் என்னை உள்ள தள்ளிட்டுப் போவாங்க. அரை மணி நேரம் உனக்குத்தான். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லுங்களேன்."

"அடப் போடி கன்னுக்குட்டி. உங்கப்பன் தொழில் தெரியாதா உனக்கு? நல்ல மாட்டை எப்பவாவது முதல்ல ஓட்டிட்டு வருவனா? கடைசி மாட்டுக்குத்தான் கூட்டம் நிக்கும்."

கன்னுக்குட்டி என்ற பேர் வந்த கதை சந்தைக்கே தெரியும். சின்னப் பிள்ளையில் ஏலக் கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், அப்பா தன்னைப் பார்த்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டினாள். ஏலம் நடக்கிற இடத்தில் மூக்கைச் சொறிந்தாலே விலை கேட்டதாக அர்த்தம். அவரும் சளைக்காமல் மேசையில் தட்டி, "வித்தாச்சு! முன்வரிசைல பல்லு விழுந்த அம்மணிக்கு!" என்று அறிவித்துவிட்டார். கொட்டகையே சிரித்தது. வித்தது வித்ததுதான் என்று அப்போது ஏலத்தில் நின்ற கன்றுக்குட்டியை வீட்டுக்கே ஓட்டி வந்தார். அம்மா ஜோலீன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இப்போது கால்வாய்க் கரையில் மேரன் எழுந்து நின்றாள். அந்த மாத டேட்டா முந்தின வாரமே தீர்ந்துவிட்டது. வைஃபை கிடைக்கிற இடத்தில்தான் அவள் போனுக்கு உயிர். அதற்காகக் காலையிலேயே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காபிக்கடையைப் பார்த்து, கடைக்காரம்மாவிடம் வைஃபை உண்டா என்று கேட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

"இன்னும் நேரம் இருக்கேடி," என்றாள் ஜியானா.

"முன்னாடியே போயிடுறேன். அங்க ஆறு அடிக்கிறப்ப என் போன் மணி அடிக்கணும்."

கடைக்குள் நுழையும்போது ஒரு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு பெருமைகூட. ஜன்னலோரம் உட்கார்ந்து, காபிக்குச் சொல்லி, போனை வைஃபையில் இணைத்தாள்.

போன் அதிர்ந்தது. அப்பா கூப்பிட்டிருக்கிறார். மறுபடி அதிர்ந்தது. அப்பாதான். இன்னொரு முறை. மூன்று தடவை அப்பா கூப்பிட்டு, மூன்று தடவையும் எடுக்காத அழைப்புகள். அவற்றின் கீழே அம்மாவின் அழைப்புகள் வரிசையாக.

ஆறு மணிக்கு முன்பே ஏன் கூப்பிட்டார்? அப்பாவின் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எங்கடி தொலைஞ்ச?" ஜோலீன் கத்தினாள். அம்மா கத்தி அவள் கேட்டதே இல்லை.

"அம்மா, அப்பாகிட்ட குடும்மா. மணி இன்னும் ஆறு ஆகலையே."

"ஆறா? இங்க ஏழாகப் போகுது! அவரை உள்ள கூட்டிட்டுப் போய் எவ்வளவு நேரமாச்சு!"

"இல்லம்மா, ஏழு மணி நேரம்தானே வித்தியாசம்? நான் எண்ணிப் பாத்தேன்மா."

"போன ஞாயித்துக்கிழமை இங்க கடியாரத்தைத் தள்ளி வச்சாச்சுடி! வருசா வருசம் வைக்கிறதுதான! ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். வசந்தம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பது அமெரிக்காவிலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. ஆனால் அமெரிக்கா முதலில் தள்ளும், ஐரோப்பா இரண்டு மூன்று வாரம் கழித்து மாதக் கடைசியில்தான் தள்ளும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நாளில் கணக்கு ஒரு மணி நேரம் இடிக்கும். கடல் தாண்டிப் படிக்கப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இதில் ஒரு முறையாவது விழுவார்கள். பரீட்சையையோ பிறந்தநாள் வாழ்த்தையோ தவறவிட்டுவிட்டு, பிறகு அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஜனவரியிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பழகிய அந்த ஏழு மணி நேரத்தையே மேரன் இன்றைக்கும் எண்ணினாள். போனில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அமெரிக்க மணியை அதுவே சொல்லியிருக்கும்.

"சாகப்போறவன் மாதிரி போனைக் கையிலயே வச்சிருந்தாருடி," என்றாள் அம்மா. இப்போது கத்தவில்லை, அழுதாள். "நர்ஸு வந்துட்டா. இன்னும் ஒரு நிமிசம், இன்னும் ஒரு நிமிசம்னு அவகிட்டயே பேரம் பேசுறாரு. ஒரு தடவ அடிச்சாரு, நீ எடுக்கல. ரெண்டாந்தரம் அடிச்சாரு. மூணாவதும் அடிச்சிட்டு..."

"அடிச்சிட்டு?"

"கட்டில் கம்பியில ஒரு தட்டுத் தட்டுனாரு. போலாம்னுட்டாரு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். காபி வந்தது. கடைக்காரம்மா இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போனாள். எங்கிட்ட என்ன சொல்ல வச்சிருந்தாரும்மா என்று கேட்டாள் மேரன். எனக்கு எப்படிடி தெரியும், எங்கிட்டயும் சொல்லல என்றாள் அம்மா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சாயங்காலம் செய்தி வந்தது. ஜியானாவுக்கு அப்பாடா என்றிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேரனும் சிரிக்கத்தான் பார்த்தாள். உயிர் பிழைத்த அப்பாவுக்காக அழுதால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். அதனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாள்.

சனிக்கிழமை ஜியானா அவளை எழுப்பி இழுத்துப்போய்க் கோபுரத்தைக் காட்டினாள். பார்த்தாள். வரிசையில் நின்று ஓவியங்களைக் காட்டினாள். அதையும் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. விடுதிக்குத் திரும்பி, சந்தைக்காரர்கள் இணையத்தில் போட்டுவைக்கும் ஏல வீடியோக்களைத் திறந்தாள்.

"இங்க பாரு, எவ்வளவு இருக்கு! உங்கப்பா குரல் எங்கேயும் போகலடி," என்றாள் ஜியானா, நல்ல மனசோடு.

அப்பா கணீரென்று கத்திக்கொண்டிருந்தார். கறுப்பு மாடு, சிவப்பு மாடு, முதுகில் வெள்ளை விழுந்த மாடு. மணிக்கணக்கில் இருந்தது அந்தக் குரல். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

"இதுல எல்லார்கிட்டயும் பேசுறாருடி," என்றாள் மேரன். "எங்கிட்டப் பேசலையே." அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. ஜியானா வீடியோவை நிறுத்திவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வேறென்ன செய்வாள் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை, ஃபிளாரன்ஸ் திரும்புவதற்கு முன்னால், அதே கடைக்கு அதே ஜன்னலுக்கு வந்தாள். இந்த முறை கடிகாரத்தை நாலு தரம் சரிபார்த்திருந்தாள். அம்மா வீடியோவில் வந்தாள். போனைத் திருப்பினாள்.

அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் கட்டு, நடுவில் ஒரு குழாய். இரண்டு நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது. கண் மட்டும் அதே கண், கூட்டத்தில் எவன் புருவத்தைத் தூக்குகிறான் என்று தேடும் கண்.

"அப்பா, மன்னிச்சிடுங்கப்பா. கடியாரம்... நான்தான்..." அவளால் முடிக்க முடியவில்லை.

அவர் கையை வீசினார். அட விடு என்பதுபோல.

"எழுதிக் காட்டுங்கன்னு சிலேட்டு கொடுத்தாங்க. தூக்கிப் போட்டுட்டாரு," என்றாள் அம்மா. "கையெழுத்துக்கு மேல இந்த மனுசன் என்னைக்கு எழுதியிருக்காரு?"

"அன்னைக்கு எனக்குன்னு என்னமோ வச்சிருந்தீங்களே," என்றாள் மேரன். "என்னப்பா அது?"

லைல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உதடு அசைந்தது. மெதுவாகத்தான் ஆரம்பித்தார். மேரன் போனை முகத்துக்கு நெருக்கிக்கொண்டாள். முதல் வார்த்தை தன் பேரோ என்று தோன்றியது, இல்லையோ என்றும் தோன்றியது. உதடு இன்னும் அசைந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. சத்தமில்லாத வாயைப் படிக்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கண்ணில் நீர் முட்டி அதுவும் மறைத்தது.

"தெரியலப்பா. எனக்குத் தெரியலப்பா."

அவருக்கும் அது புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். ஜோலீன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கவேண்டும், போன் ஆடியது.

அப்புறம் அவருடைய வலது கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. ஊசி குத்தியிருந்த கை. விரலை நீட்டி இடது பக்கம் காட்டினார், வலது பக்கம் காட்டினார். உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது, இந்த முறை வேகமாக, விடாமல். அது என்ன என்று மேரனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்பா ஏலம் விடுகிறார். எதை விற்கிறார், என்ன விலை, ஒன்றும் தெரியாது. ஆனால் விரல் கூட்டத்தையெல்லாம் சுற்றிவிட்டு, முன்வரிசையில் அவளிடம் வந்து நின்றது. ஒரு விரல் நீட்டினார். காத்திருந்தார். இரண்டு விரல் நீட்டினார். காத்திருந்தார்.

கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேரன் கையைத் தூக்கினாள். சின்னப் பிள்ளைபோல உயரத் தூக்கி ஆட்டினாள்.

லைல் விரல் முட்டியால் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். அவரிடமிருந்து வந்த சத்தம் அது ஒன்றுதான்.