அறுபதாம் கல்யாணத்தில் ஒரு கழித்தல் கணக்கு

என் அக்கா பேரன் நிர்மலுக்கு அப்போது வயது பத்தொன்பது. நடேசன் மகள் எழிலரசிக்குப் பதினெட்டு முடிய இரண்டே மாதம் பாக்கி. காதலித்தார்கள். நடேசன் போக்சோ வழக்குப் போட்டான். மூன்று வருடமாக வழக்கு இழுக்கிறது. போலீஸ் சரிபார்ப்பில் நிர்மலுக்கு ஆவடியில் கிடைத்த வேலையும் போனது.

நான் காத்திருந்தேன். போன ஞாயிறு வானகரத்தில் நடேசனுக்கு அறுபதாம் கல்யாணம். வாசலில் வைத்திருந்த பேனர் செம்பரம்பாக்கத்திலிருந்தே தெரிந்திருக்கும். 'நடேசனுக்கு 60, பஞ்சவர்ணத்துக்கு 56, இல்லறத்துக்கு 40' என்று அவனே பெருமையாக அச்சடித்திருந்தான்.

நிர்மலுக்கு நான் உறவு என்பது தெரியாமல், கூட வேலை பார்த்தவன் என்று வாழ்த்துரைக்கு என்னிடமே மைக்கைக் கொடுத்தார்கள். ஆகா!

"அம்பத்தாறுல நாப்பது போனா இன்னா மிச்சம்? சத்தமா சொல்லுங்க!"

"பதினாறு!" மண்டபக் கூரையே பிய்ந்து பறந்தது.

"அப்போ மாப்ள மேல இன்னா கேசு போடலாம்?"

நடேசன் மாலையோடு பாய்ந்தான். "யோவ், அது அந்தக் காலம்யா! மைக்கக் குடு!"

மைக்கைப் பிடுங்கியது அவன் மனைவி பஞ்சவர்ணம். "பதினாறுல என்னைக் கட்டுன நீ நல்லவன், அந்தப் புள்ள மட்டும் குத்தவாளியா? ரெண்டு பேரும் ஆசைப்பட்டாங்கன்னு மொதல்ல கோர்ட்டுல வந்து சொல்லு. அப்பால தாலி கட்டு."

அவள் மணையை விட்டு எழுந்து போனாள். நடேசன் தாலியும் கையுமாக நின்றான். நான் இரண்டு முறை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.